ஆற்றங்கரை இல்லாத ஆற்றங்கரை நடை: லண்டனின் விக்டோரியா எம்பேங்க்மென்ட்

இந்த எபிசோடில் உங்களை ஒரு நடைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். பயப்படாதீங்க, ரொம்ப சுலபமான நடை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, மொத்தமே இரண்டு கிலோமீட்டர். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். முட்டிவலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகலாம். லண்டனில், தேம்ஸ் நதியின் வடகரையில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் தொடங்கி பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தில் முடிகிற பாதை இது. பெயர் விக்டோரியா எம்பேங்க்மென்ட். வலது கைப்பக்கம் கிரானைட் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் நதி. இடது பக்கம் வரிசையாக மரங்கள், ரோடு, ரோட்டைத் தாண்டினால் பூங்கா. நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம்.

நாம நின்னு நின்னுதான் போகப் போறோம்.

முதல் கேள்வி: இந்தப் பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது? ஓர் ஆற்றங்கரை என்றால் சரிவு இருக்கும், சேறு இருக்கும், வளைந்து நெளிந்து போகும். இங்கே ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரு சுவர் போகிறது. காரணம் எளிது. இது ஆற்றங்கரையே கிடையாது. 1864-க்கு முன்னால் நீங்கள் கால் வைக்கும் இந்த இடத்தில் ஆறு ஓடியது, இல்லை ஆற்றின் சேறு கிடந்தது. ஆற்றுக்குள் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டி, சுமார் 37 ஏக்கர் நிலத்தைப் புதிதாக உண்டாக்கினார்கள். அந்த மண்ணுக்குள் ஒரு பெரிய சாக்கடையைப் புதைத்தார்கள். நாம் நடக்கப்போவது அந்தச் சாக்கடையின் கூரை மேல்.

சரி, நடையைத் தொடங்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரே பிக் பென். பாலத்தின் முனையில் தேர் ஓட்டும் ராணி போடிசியாவின் வெண்கலச் சிலை. எல்லோரும் இங்கே போட்டோ எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கோங்க. எடுத்து முடித்ததும் திரும்பி நாடாளுமன்றக் கட்டடத்தைப் பாருங்க. எப்படி நதியை ஒட்டி, கிட்டத்தட்ட தண்ணீரில் கால் நனைத்தபடி நிற்கிறது பாருங்க. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

1801-இல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851-இல் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரை நூற்றாண்டில் இரண்டு மடங்குக்கு மேல். இத்தனை பேரின் கழிவு எங்கே போனது? ஆரம்பத்தில் வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ ஒரு மலக்குழி. இரவில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் வெளியூர் விவசாயிகளுக்கு எருவாக விற்பார்கள். அழகான முறை என்று சொல்லமாட்டேன். ஆனால் கழிவு ஆற்றுக்குப் போகவில்லை.

அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் டாய்லெட் வந்தது. 1851-இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் வைத்த பொதுக் கழிப்பறைகளை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தினார்கள். எல்லோர் வீட்டுக்கும் அது வேண்டும் என்றானது. ஆனால் மலக்குழி அவ்வளவு தண்ணீரைத் தாங்குமா? நிரம்பி வழிந்தது. அதற்கு முன்பே, 1840-களின் கடைசியில், எட்வின் சாட்விக் போன்ற சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள் ஒரு தீர்வைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்: மலக்குழிகளை மூடு, வீடுகளை மழைநீர்ச் சாக்கடையோடு இணை. மழைநீர்ச் சாக்கடை எங்கே போகும்? தேம்ஸுக்கு. தேம்ஸிலிருந்துதான் பல தண்ணீர் கம்பெனிகள் குடிநீர் எடுத்தன.

நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒரு மாட்யூலில் இருந்த பிழையைச் சரிசெய்கிறேன் என்று அதை எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸுக்குள் தள்ளிவிட்டார்கள்.

சாட்விக்கை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் நம்பியது மயாஸ்மா கொள்கையை. அதாவது நோய் பரவுவது கெட்ட காற்றால், நாற்றத்தால். அப்படி நம்பினால் வீட்டுக்குள் நாறுவதை வெளியே, ஆற்றுக்கு, தள்ளுவது நல்ல காரியம்தானே? அவர் கணக்கு அவர் நம்பிக்கைப்படி சரி.

இங்கே இன்னொரு விஷயம். தேம்ஸ் லண்டனுக்குள் கடலுக்குக் கட்டுப்பட்ட நதி. கடல் ஏறும்போது நதி பின்னோக்கி ஓடும், இறங்கும்போது முன்னோக்கி. லண்டன் பிரிட்ஜ் பக்கம் நீர்மட்டம் ஒரே நாளில் ஆறு, ஏழு மீட்டர்கூட ஏறி இறங்கும். அதனால் ஆற்றில் விட்ட கழிவு நேராகக் கடலுக்குப் போய்ச் சேராது. போகும், வரும், போகும், வரும். நீர் இறங்கியதும் இரண்டு கரையிலும் சேற்றுப் படுகையில் தங்கிவிடும். 1855 ஜூலையில் மின்சார ஆராய்ச்சிக்குப் பெயர் போன மைக்கேல் ஃபாரடே படகில் போகும்போது வெள்ளை அட்டையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். நல்ல வெயில், ஆனாலும் ஓர் அங்குலம் இறங்குவதற்குள் அட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குள் காலரா வந்து போயிருந்தது, ஒரு தடவை இல்லை. வங்காளத்தில் 1817-இல் பெரிதாக வெடித்த நோய் வணிகப் பாதைகளிலும் கப்பல்களிலும் ஏறி உலகம் சுற்றி 1831-32-இல் பிரிட்டனுக்குள் நுழைந்தது. 1848-49-இல் லண்டனில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1853-54-இல் இன்னும் 10,000-க்கும் மேல்.

இந்த இரண்டாவது அலையில்தான் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வருகிறார். சோஹோவில் பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடம் நம்ம பாதையிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை அதுவல்ல. தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852-இலேயே தண்ணீர் எடுக்கும் இடத்தை நகருக்கு மேலே, சாக்கடை கலக்காத பகுதிக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகருக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே மாதிரி மக்கள், தண்ணீர் மட்டும் வேறு. ஸ்னோ வீடு வீடாகப் போய் எந்தக் கம்பெனி தண்ணீர் என்று கேட்டு எழுதினார். ஒரு கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. மற்றதில் 37. நாம இப்போ ஏ-பி டெஸ்டிங்னு சொல்றோமே, அதேதான். ஒரு பட்டனின் நிறத்துக்கு நாம் அதைச் செய்கிறோம், அவர் செத்தவர்களை எண்ணிச் செய்தார்.

ஆட்சியில் இருந்தவர்களை அது அசைக்கவில்லை.

அசைத்தது 1858-இன் கோடை. ஜூனில் வெயில் 30-களின் நடுப்பகுதியைத் தொட்டது. வற்றிப்போன ஆற்றின் சேறு புளித்துப் பொங்கியது. இதைத்தான் பெரும் நாற்றம், ‘கிரேட் ஸ்டிங்க்’ என்கிறார்கள். நாடாளுமன்றக் கட்டடம் தண்ணீரை ஒட்டி நிற்கிறது என்று சொன்னேனே? பழைய கட்டடம் 1834-இல் எரிந்துபோய், அப்போதுதான் புதிதாகக் கட்டிய மாளிகை. ஜன்னல் திரைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. நாடாளுமன்றத்தையே ஆக்ஸ்போர்டுக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சும் அடிபட்டது.

ஜூலை 15-ஆம் தேதி டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அது சட்டம். பதினெட்டு நாள். திட்டம் புதிதாகப் போட வேண்டியிருந்ததா என்றால் அதுவும் இல்லை. மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் வொர்க்ஸின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் 1856-இலேயே வரைபடத்தோடு தயாராக இருந்தார். கழிவை எங்கே கொண்டுபோய் விடுவது, யார் பணம் கொடுப்பது என்ற இழுபறியில் அது திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு அலையில் செத்த 24,000 பேரால் நகராத ஃபைல், உறுப்பினர்களின் மூக்குக்கு நாற்றம் ஏறியதும் நகர்ந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, தேதிகளை வரிசையாக வைத்தாலே தெரிகிறது. இன்னொரு தேதியும் இருக்கு. ஜான் ஸ்னோ 1858 ஜூன் 16 அன்று, அந்த நாற்றத்தின் நடுவில், 45 வயதில் இறந்துபோனார். தான் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

இப்போது கொஞ்சம் நடப்போம். பாதுகாப்பு அமைச்சகக் கட்டடம் இடது பக்கம் வரும். அதன் நதிப்பக்க ஓரத்தில், ரோட்டிலிருந்து கொஞ்சம் பள்ளத்தில், ஒரு பழைய கல் படிக்கட்டு இருக்கும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் போய்விடுவார்கள். 1691-இல் கிறிஸ்டோபர் ரென் ராணி இரண்டாம் மேரிக்காக வடிவமைத்த ஆற்றங்கரை மாடத்தின் படிகள் அவை. அந்தப் படியில் இறங்கினால் படகு நிற்கும். இன்று படி இறங்குவது புல்தரைக்கு. படி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நதிதான் தள்ளிப் போய்விட்டது.

பேசல்ஜெட் செய்தது என்னவென்றால், ஏற்கெனவே வடக்கு தெற்காக ஆற்றை நோக்கி ஓடிய சாக்கடைகளைக் குறுக்கே வெட்டி வாங்கிக்கொள்ளும்படி மேற்கிலிருந்து கிழக்காகப் பெரிய குழாய்களைப் போட்டார். ஆற்றை அடைவதற்கு முன்பே கழிவை இடைமறிப்பது. இப்படி 132 கிலோமீட்டர் இடைமறிக்கும் பெருஞ்சாக்கடைகள், அவற்றோடு சேரும் தெருச் சாக்கடைகள் 1,700 கிலோமீட்டருக்கும் மேல், மொத்தம் 31 கோடிக்கும் அதிகமான செங்கல். முடிந்தவரை மோட்டார் இல்லாமல், சரிவிலேயே ஓட வேண்டும். ஒரு மைலுக்கு இரண்டடி இறக்கம் என்பது கணக்கு. நம்ம அளவில் ஒரு கிலோமீட்டருக்கு 38 சென்டிமீட்டர். குழாயின் குறுக்குவெட்டைப் பல இடங்களில் முட்டை வடிவத்தில், குறுகலான பக்கம் கீழே வரும்படி வைத்தார்கள். தண்ணீர் குறைவாக ஓடும்போதும் அடியில் வேகம் குறையாது, வண்டல் தங்காது. எனக்கு இந்த முட்டை ரொம்பப் பிடிக்கும். ஒரு பகுதிகூட அசையாத, ஒரு சென்சார்கூட இல்லாத டிசைன், தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது.

சிமென்ட் கதையும் உண்டு. போர்ட்லேண்ட் சிமென்ட் அப்போது புதுசு. கலவை கொஞ்சம் பிசகினாலும் பாழ். ஜான் கிராண்ட் என்ற உதவிப் பொறியாளர் வந்திறங்கும் சிமென்ட்டை வரிசையாகச் சோதிக்க ஏற்பாடு செய்தார். கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் போட்டு, எவ்வளவு இழுத்தால் உடைகிறது என்று பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்பினார்கள். டெஸ்ட் பாஸ் ஆகாமல் எதுவும் உள்ளே போகாது! ‘குழாயின் விட்டத்தைக் கணக்குப் போட்டுவிட்டு அப்படியே இரண்டு மடங்காக்கினார் பேசல்ஜெட்’ என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது, அவர் சொன்னதாக ஒரு வசனத்தோடு. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. வருங்காலத்துக்கும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் பேருக்குப் போதுமான அளவில் கட்டினார்கள். அது போதும், வசனம் வேண்டாம்.

நார்த்தம்பர்லேண்ட் அவென்யூ வந்து சேரும் இடத்தில், ஹங்கர்ஃபோர்டு பாலத்துக்குச் சற்று முன்னால், சுவரோடு சுவராக மீசை வைத்த ஒருவரின் மார்பளவுச் சிற்பம் இருக்கும். அவர்தான் பேசல்ஜெட். 1901-இல் வைத்தது. லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: நதிக்கு விலங்கு பூட்டினார் என்று பொருள். பாராட்டா புகாரா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

விலங்கு என்பது வெறும் உவமை இல்லை. வடக்குக் கரையில் மூன்று மட்டத்தில் பெருஞ்சாக்கடை போட்டார்கள். கடைசி, தாழ்மட்டச் சாக்கடை, ஆற்றை ஒட்டியே போக வேண்டும். அதற்கு ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட் மாதிரி லண்டனின் அதிக நெரிசலான தெருக்களைத் தோண்ட வேண்டும். யோசித்துப் பாருங்க, ரங்கநாதன் தெருவை இரண்டு வருஷம் தோண்டிப்போட்டால் எப்படி இருக்கும்? அதற்குப் பதில் ஆற்றுக்குள் சுவர் கட்டி, சாக்கடையை அந்தச் சுவருக்குப் பின்னால் புதைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். புதைப்பதோடு விடவில்லை. கழிவுக்குழாயின் மேலே, எரிவாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் போக ஆள் நடமாடும் உயரத்தில் ஒரு சுரங்கம். ரிப்பேர் என்றால் ரோட்டைத் தோண்ட வேண்டாம், உள்ளே இறங்கினால் போதும். அதற்குப் பக்கத்தில் சுரங்க ரயில். மேலே ரோடு, ஓரத்தில் நமக்கு நடைபாதை. 1870 மே 30 அன்று ரயில் ஓடத் தொடங்கியது, ஜூலை 13 அன்று இளவரசர் எட்வர்டு பாதையைத் திறந்துவைத்தார். டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் லைன் ரயில்கள் இன்றும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன.

இவ்வளவுக்கும் பணம்? எம்பேங்க்மென்ட்டுக்கான பணத்தின் முக்கிய ஊற்று, லண்டனுக்குள் வரும் நிலக்கரிக்கும் ஒயினுக்கும் விதித்த வரி. ஒயின் வாங்காத வீடு உண்டு, நிலக்கரி வாங்காத வீடு லண்டன் குளிரில் கிடையாது. ஈஸ்ட் எண்டின் ஏழைக் குடும்பம் அடுப்புக்கு வாங்கிய கரியும் இந்தக் கிரானைட்டுக்குள் இருக்கிறது.

அதனால்தான் இடது பக்கத்துப் பூங்கா சண்டை எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிதாக நிலம் உண்டானதும் அது யாருடையது என்ற கேள்வி வந்தது. ஒரு பகுதி அரசுடைமை. பிரதமர் கிளாட்ஸ்டோன் அதில் கட்டடம் எழுப்பி வருமானம் பார்க்க நினைத்தார். வரி கொடுத்த ஊர் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர் டபிள்யூ. எச். ஸ்மித் அதை நாடாளுமன்றத்தில் எடுத்துப் போராடினார். ரயில் நிலையப் புத்தகக் கடைகளுக்குப் பெயர் போன அந்த ஸ்மித் குடும்பம்தான். கடைசியில் கிளாட்ஸ்டோன் விட்டுக்கொடுத்தார், இடம் பூங்காவானது. இல்லையென்றால் நீங்கள் இப்போது அலுவலகங்களின் பின்சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டிருப்பீர்கள்.

எம்பேங்க்மென்ட் ரயில் நிலையத்தைத் தாண்டி அந்தப் பூங்காவுக்குள் போங்க. கொஞ்ச தூரத்தில், நடுவில் எதற்கு இருக்கிறது என்றே புரியாமல், மூன்று வளைவுகளோடு ஒரு கல் வாசல். யார்க் வாட்டர்கேட். பக்கிங்ஹாம் பிரபு 1626 வாக்கில் தன் மாளிகையிலிருந்து நேராகப் படகில் ஏற வைத்த வாசல். நதி இன்று அங்கிருந்து சுமார் 140 மீட்டர் தள்ளி. புத்தகத்தில் 37 ஏக்கர் என்று படிப்பதைவிட, இந்த வாசலில் நின்று நதி எங்கே என்று தேடினால் சட்டென்று புரிந்துவிடும். இந்தப் பக்கத்தில்தான் ஹங்கர்ஃபோர்டு படித்துறையும் இருந்தது. 1824-இல் 12 வயது சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே ஒரு ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார், அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்த நாட்களில். சேறு, கரி இறக்கும் துறைகள், படகோட்டிகளின் பிழைப்பு எல்லாம் இந்தச் சுவரோடு சேர்ந்து போய்விட்டது. சேற்றில் பொறுக்கிப் பிழைத்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

வெளியே வந்து மறுபடி நதியோரம். எதிரே கிளியோபாட்ராவின் ஊசி. பெயர்தான் கிளியோபாட்ரா. உண்மையில் அவருக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே மூன்றாம் துட்மோஸ் செதுக்கவைத்த தூண். எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி 1819-இல் பரிசாகக் கொடுத்தார். பரிசு வாங்கிய பிரிட்டன் கொண்டுவரும் செலவுக்கு யோசித்தே அறுபது வருஷம் ஓட்டியது. 1877-இல் ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து, கப்பலில் கட்டி இழுத்து வரும்போது பிஸ்கே விரிகுடாவில் புயல், ஆறு மாலுமிகள் இறந்தார்கள். 1878 செப்டம்பர் 12 அன்று இங்கே நிறுத்தினார்கள். பக்கத்து ஸ்பிங்ஸ் சிலையில் ஓட்டைகள் தெரியும், 1917-இல் ஜெர்மன் விமானக் குண்டு விழுந்த வடு.

அந்த செப்டம்பர் 12-க்கு ஒன்பது நாள் பின்னால் போவோம்.

1878 செப்டம்பர் 3, மாலை. பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு, ஒருநாள் சுற்றுலா போன குடும்பங்களோடு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நகருக்குக் கிழக்கே காலியன்ஸ் ரீச் என்ற வளைவில் பைவெல் காசில் என்ற கரிக் கப்பல் மோதியது. சில நிமிடத்தில் மூழ்கியது. சுமார் 650 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

இதற்கும் நம்ம பாதைக்கும் என்ன சம்பந்தம்? நம் காலடியில் ஓடும் கழிவு எங்கே போனது என்று நான் இன்னும் சொல்லவில்லை. வடகரைக் கழிவு பெக்டனுக்கு, தென்கரைக் கழிவு கிராஸ்னெஸ்ஸுக்கு. இரண்டும் நகருக்குக் கிழக்கே, ஆற்றோரம். அங்கே சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. பெரிய தொட்டியில் தேக்கி, கடல் இறங்கும் நேரம் பார்த்து, அப்படியே ஆற்றில் திறந்துவிடுவார்கள். படகு மூழ்கியது அந்த இரண்டு வாய்களுக்கும் அருகில், கழிவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆன பிறகு. நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்தத் தண்ணீரில் விழுந்து என்ன செய்ய முடியும்? கரையேறிய சிலரும் அடுத்த நாட்களில் இறந்தார்கள். இந்தக் கூட்டம் அங்கே சவங்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த அதே பத்து நாளுக்குள், இங்கே எகிப்தியத் தூணை நிமிர்த்துவதைப் பார்க்க இன்னொரு கூட்டம்.

வெஸ்ட்மின்ஸ்டரில் நாற்றம் போனது உண்மை. அது கிழக்கே போனது. காலராவிலும் அதே கதை. 1866-இல் கடைசி அலை வந்தபோது புதுச் சாக்கடையோடு இணைந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. ஈஸ்ட் எண்டில் இணைப்பு வேலை இன்னும் முடியவில்லை, ஏபி மில்ஸ் நீரேற்று நிலையமே 1868-இல்தான் தயாரானது. அங்கே 5,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சாவுப் பட்டியலைப் பார்த்துத்தான், அதுவரை கெட்ட காற்றை நம்பிய புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார் தண்ணீர்தான் காரணம் என்ற பக்கம் முழுசாக வந்தார். 1884-இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் கிருமியை உறுதிசெய்தது எல்லாம் அதற்குப் பிறகு.

இதைக் கொஞ்சம் யோசிங்க. நாற்றத்தை ஒழிக்கத்தான் இந்தச் சாக்கடையைக் கட்டினார்கள். காரணம் தப்பு. ஆனால் நாற்றத்தோடு கிருமியும் குடிநீரை விட்டுப் போனது. 1892-இல் ஹாம்பர்க் நகரத்தில் காலராவுக்கு 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பலியானபோது லண்டனில் தொற்றுப் பரவல் இல்லை. தப்பான காரணத்துக்காக எழுதிய கோடு சரியான விடை கொடுக்கும்போது ரொம்பக் கவனமா இருக்கணும்னு எங்க சீனியர் ஒருத்தர் சொல்வார், எந்த உள்ளீட்டில் உடையும் என்று தெரியாது. இங்கே உடைந்த இடம் காலியன்ஸ் ரீச். மேட்டர் நாற்றம்தான் என்றால், மூக்குக்கு எட்டாத தூரத்தில் கொட்டினால் போதும் அல்லவா? படகு விபத்துக்குப் பின் நெருக்கடி கூடி, 1887 முதல் திடக் கழிவைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்த வழக்கம் 1998 வரை நீடித்தது.

வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் புகுந்து வந்தால் இடது பக்கம் சாமர்செட் ஹவுஸ். கீழே ஒரு பெரிய வளைவு வாசல் தெரியும், அதற்குள் படகு நுழைந்த காலம் உண்டு. இங்கே கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தால் வெண்கலச் சிங்கத் தலைகள் வாயில் வளையத்தைக் கவ்வியபடி வரிசையாக இருக்கும், படகு கட்ட. சிங்கம் தண்ணீர் குடித்தால் லண்டன் மூழ்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. நதியை ஒடுக்கினால் தண்ணீர் வேகமாக ஓடும், உயரமாக ஏறும். 1928 ஜனவரியில் கரைச்சுவர் மேற்கே மில்பேங்க் பக்கம் உடைந்து, அடித்தளத்து அறைகளில் தூங்கிய 14 பேர் இறந்தார்கள். இப்போது கிழக்கே 1982 முதல் தேம்ஸ் தடுப்பணை காவல் காக்கிறது. கடலில் பெரிய எழுச்சி வருகிறது என்றால் அதன் கதவுகளை மூடிவிடுவார்கள்.

டெம்பிள் தோட்டங்களைத் தாண்டினால் பிளாக்ஃப்ரையர்ஸ். நடை முடியும் இடம். இங்கே சுவர் புதிதாக ஆற்றுக்குள் நீண்டிருப்பதைப் பார்க்கலாம். இது 1870-ஐச் சேர்ந்தது இல்லை. பேசல்ஜெட்டின் அமைப்பில் மழைநீருக்கும் கழிவுக்கும் ஒரே குழாய். பெருமழையில் குழாய் நிரம்பினால் வீடுகளுக்குள் பின்னேறாமல் இருக்க ஆற்றில் வழியவிட வாய்கள் வைத்தார். எப்போதாவது திறக்க வைத்த வாய். இன்று மக்கள்தொகை 90 லட்சத்துக்குப் பக்கம், தரையெல்லாம் கான்கிரீட், சாதாரண மழைக்கே திறந்து ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டன் கழிவுநீர் ஆற்றுக்குப் போனது. இதற்காக 2016-இல் வேலையைத் தொடங்கி, 25 கிலோமீட்டர் நீளத்தில், 7.2 மீட்டர் விட்டத்தில், ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டிருக்கிறார்கள். தேம்ஸ் டைட்வே. 2025 பிப்ரவரியில் எல்லா இணைப்பும் முடிந்தது. பழைய செங்கல் குழாய்களை எடுத்துவிடவில்லை, அவை இன்றும் ஓடுகின்றன. அவை வழியவிடுவதை இது வாங்கிக்கொள்கிறது. இந்தப் புதுத் திட்டுக்கு பேசல்ஜெட் எம்பேங்க்மென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன டிப். போவதற்கு முன் நீர்மட்ட அட்டவணை பார்த்து, கடல் நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் இங்கே வந்து சேருங்க. பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்கு அடியில், கரைச்சுவரில், ஒரு வாய் தெரியும். ஒரு காலத்தில் லண்டனின் ஆறுகளில் ஒன்றாக இருந்து, பின்னால் சாக்கடையாக மூடப்பட்ட ஃப்ளீட் ஆறு வெளியே வரும் இடம் அது. நீர் ஏறிவிட்டால் தெரியாது. பக்கத்திலேயே ரயில் நிலையம், வந்த பாதையின் அடியிலேயே ஐந்து நிமிஷத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் திரும்பிவிடலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.